நாலரை வரை ஒரு நட்டு

காரை ஓட்டிவந்த மாப்பிள்ளை மட்டும் டிக்கி வழியாக வெளியே வந்துவிட்டான்.

மற்ற மூன்று பேரும் உள்ளேயே இருந்தார்கள். சாக்கடைக்குத் தோண்டி மூடியிருந்த பள்ளம் ராத்திரி மழையில் ஊறிக் கிடந்தது. அதில் சக்கரம் இறங்கி, கார் சாய்ந்து எங்கள் வீட்டு மதிலோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கக் கதவை மதில் திறக்கவிடவில்லை. இந்தப் பக்கக் கதவை மண்மேடு திறக்கவிடவில்லை.

"டிக்கி வழியா பூந்து வந்து பொண்ணு பாக்கிறதா? எங்க வம்சத்துலயே கெடையாது!" என்று உள்ளேயிருந்து கத்தினார் மாப்பிள்ளையின் தாய்மாமன் துரை.

பொண்ணு நான்தான். சுகன்யா. தலை நிறையப் பூவும் அரக்குப் பட்டுப்புடவையுமாக மாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வந்தவர்கள் உட்கார்ந்து, கூப்பிட்டு அனுப்புகிற வரைக்கும் நான் கீழே தலைகாட்டக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை. மணி மூன்று ஐம்பது. நாலரைக்கு ராகு காலம். மறுநாள் ஆடி பிறக்கிறது. அப்புறம் ஒரு மாதத்துக்குக் கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

இன்றைக்கே பூ வைத்துவிட்டால் கோயம்புத்தூர் வேலை கிடையாது என்று அப்பா தனகோடி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தறி மெஷின் செய்கிற கம்பெனி. ஒன்றாம் தேதி சேர வேண்டும். ஆரணியில் பாதி பவர்லூம் மோட்டாருக்கு மூன்று வருடமாக வயர் மாற்றிக் கொடுத்து நானாகத் தேடிக்கொண்ட வேலை அது. பேச்சு ஒரு மாதம் தள்ளிப் போனால் போதும், பஸ் ஏறிவிடுவேன். சொன்னால் யார் காதில் ஏறுகிறது? எரிச்சல் மண்டை வரைக்கும் இருந்தது.

தம்பி அஜித்திடம் ஒரு ஏடிவி உண்டு. மூடிப்போன ரிசார்ட்டிலிருந்து வாங்கிய நாலு சக்கர பைக். வெம்பாக்கத்து நிலத்தில் ஓட்டி வீடியோ போடுவதைத் தவிர அதனால் ஒருத்தருக்கும் பிரயோஜனம் இல்லை. அதன் முகப்பில் ஒரு வின்ச். பட்டனை அழுத்தினால் மோட்டார் சுற்றி இரும்புக் கயிற்றை இழுக்கும். இன்றைக்குத்தான் அதற்கு வேலை வந்தது. அஜித் வண்டியின் பின்பக்கத்தை வேப்பமரத்தில் கட்டினான். கயிற்றின் கொக்கியைக் காரில் மாட்டிவிட்டுப் பட்டனை அழுத்தினான்.

டக்.

அவ்வளவுதான். மறுபடி அழுத்தினான். டக்.

உடனே என் போன் அடித்தது. "அக்கா, ரிலே டக்குன்னுது, மோட்டார் சுத்தல. இன்னா பண்றது? ஜல்தி சொல்லு, பேஜாரா கீது!"

சொன்னேன். பேட்டரியைப் பார். பார்த்தான், பன்னிரண்டரை வோல்ட் இருந்தது. ஃபியூஸைப் பார். அதற்கு சீட்டைக் கழற்ற வேண்டும், கழற்றினான். ஹேண்டில் சுவிட்சைப் பிரி. பிரித்ததும் உள்ளேயிருந்த ஸ்பிரிங் எகிறிச் சேற்றில் விழ, தெருவே குனிந்து தேடி எடுத்தது. எதற்கும் வேறு பேட்டரி போட்டுப் பார்த்துவிடு என்றேன். சிநேகிதன் வீட்டுக்கு ஓடினான்.

அப்பா, காருக்குள் இருந்தவர்களுக்குக் கண்ணாடி வழியாகக் காபி நீட்டிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை குமரேசன் தெள்ளாரில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறான். அதுவரை சும்மா நின்றவன், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றிலேயே மண்டியிட்டான். மோட்டாருக்குப் போகும் எர்த் வயரை விரலால் தடவிக்கொண்டே போனான். கடைசி நட்டில் விரல் நின்றது.

ஐயோ, தொலைந்தேன்.

நட்டைக் கழற்றி, நகத்தால் எதையோ நெம்பி இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. அரக்கு நிறப் பட்டு நூல்.

என் புடவை நெய்த மிச்சம்தான். ஏடிவி சாவியை அஜித் வீடெல்லாம் தேடிய ஐந்து நிமிடத்தில் மாடியிலிருந்து இறங்கிக் கொல்லையில் நின்ற வண்டிக்கு ஓடி, எர்த் வயரின் முனை முழுக்க நெருக்கிச் சுற்றி, மேலே நட்டை முடுக்கிவிட்டு வந்திருந்தேன். பட்டு வழியாகக் கரண்ட் போகாது.

அவன் நூலைப் பார்த்தான். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். என் புடவையைப் பார்த்தான். முந்தானையை இழுத்துப் பின்னால் மறைத்தேன்; மீதிப் புடவையும் அரக்குதானே.

அப்பா ஓடிவந்தார். "இன்னா ஆச்சு மாப்ள, கண்டுபுடிச்சிட்டீங்களா?"

குமரேசன் நூலைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"எர்த் நட்டு லூசா இருக்குதுங்க மாமா. கொஞ்சம் டைம் ஆவும்."

அப்போது மணி நாலு பதினெட்டு.

ஒரு நட்டை முடுக்க ஒரு டிராக்டர் மெக்கானிக்குக் கால் நிமிடம் போதும். அவன் முடுக்கினான். கழற்றினான். உப்புத்தாளால் தேய்த்தான். ஊதினான். திரும்ப முடுக்கினான், திரும்பக் கழற்றினான். துரை மாமா உள்ளேயிருந்து கரித்துக்கொட்டினார். அவன் அசையவில்லை. அந்த ஒரே நட்டோடு குடித்தனமே நடத்தினான்.

நாலு முப்பத்தொன்றுக்குப் பட்டனை அழுத்தினான். வின்ச் கிர்ரென்று சுற்ற, கார் அலுங்காமல் மேடேறியது.

துரை மாமா கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். வாட்சைப் பார்த்தார். வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். ராகு காலம் பிறந்துவிட்டது, ஆடி போகட்டும், ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

குமரேசன் போகும்போது மேலே பார்ப்பான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. ஒன்றுமே தெரியாத நல்ல பிள்ளையாக வண்டியை எடுத்தான். எனக்குச் சுருக்கென்றது.

வேலை தப்பித்தது. நியாயமாக நான் குதித்திருக்க வேண்டும்.

கார் தெருமுனை திரும்பியதும் உள்ளே போய்க் காலண்டரில் ஆடியை மொத்தமாகப் புரட்டித் தள்ளினேன். ஆவணியின் முதல் முகூர்த்தம் வெள்ளிக்கிழமை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரமே லீவு கேட்டால் தருவார்களா?