பத்து நாள் டப்பா

பத்து நாள் வரவேண்டிய கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா எட்டாம் நாளே காலி. போன தடவையும் இதே கதைதான்.

வீட்டில் மூன்றே பேர். நான் எடுக்கவில்லை. என் கணவர் காலையில் ஒரு கிண்ணத்துக்கு மேல் தொடமாட்டார். மிச்சம், வேலை தேடி வந்து எங்களோடு தங்கியிருக்கும் கொழுந்தன்தான்.

"பசிச்சா கேட்டு வாங்கிச் சாப்பிடலாமே தம்பி. இந்தத் திருட்டுத்தனம் எதுக்கு?"

"சத்தியமா இல்ல அண்ணி. காலைல ஒரு கிண்ணம்தான்."

"அப்போ உங்க அண்ணனா எடுத்தாரு? ராப்பகலா உழைச்சு போன மாசம்தான் ப்ரமோஷன் வாங்கியிருக்காரு. அவருக்கு இதுக்கெல்லாம் ஏது நேரம்?"

என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கொழுந்தன் முகம் சுண்டி உள்ளே போனான். பையோடு திரும்பி வந்தான்.

"நான் கிளம்பறேன் அண்ணி."

"தாராளமா!"

புது டப்பாவை அவன் கண்ணெதிரே பிரித்தேன். "இனிமே இது அலமாரியில, பூட்டுக்குள்ள."

சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவள் திகைத்துப்போனேன். ஒட்டுப் பிரியாமல் வந்த டப்பா. அதிலும் கணிசமாகக் குறைந்திருந்தது.

"பையைக் கீழ வைடா," என்றார் என் கணவர். "எடுத்தது நான்தான்."

"நீங்களா? ஒட்டுப் பிரிக்காம எப்படிங்க எடுத்தீங்க?"

"ஆபீஸ்ல உக்காந்து எடுத்தேன்."

டப்பாவைத் திருப்பி, மூலையில் ஐநூறு கிராம் நானூறாகியிருந்த பொடி எழுத்தைக் காட்டினார்.

"எங்க கம்பெனி சரக்குதானே? அதே டப்பா, அதே விலை. நம்ம வீட்டுல மட்டும் இல்ல, எல்லார் வீட்டு டப்பாலயும் நூறு கிராம் எடுத்தேன். அதுக்குத்தான் ப்ரமோஷன்."