எக்ஸ்ரே வைத்த பெயர்

ஒரு மருத்துவமனையில் பழைய எக்ஸ்ரே இயந்திரம் தன் படங்களுக்கு ‘நெஞ்சு’ என்று பெயரிட்டது; புது ஸ்கேன் இயந்திரம் ‘மார்பு’ என்றது. படங்களைப் பெற்ற வெளியூர் டாக்டர்கள் குழம்பியதால், இனி ‘மார்பு’ மட்டும்தான் என்று முடிவானது.

எக்ஸ்ரேவுக்கு வயிறு எரிந்தது. “நேற்று வந்தவன் வைத்த பெயரை நான் சொல்வதா?”

“போகிற இடத்தில் புரிய வேண்டாமா, அண்ணே?” என்றது ஸ்கேன்.

மூச்சுத் திணறி வந்த செண்பகவல்லியின் நுரையீரலில் ஒரு புள்ளியை எக்ஸ்ரேதான் முதலில் கண்டது. வீம்பாக ‘நெஞ்சு’ என்றே எழுதி, படத்தைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியது; அவளும் அங்கே போனாள்.

அங்கே கணினியில் ‘மார்பு’ என்று தேடினார்கள். படம் கிடைக்காததால், ஸ்கேன் எடுத்துவரச் சொல்லி அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அவள் இருமிக்கொண்டே திரும்பி வந்து ஸ்கேன் இயந்திரத்தில் படுத்தாள். ஸ்கேனில் புள்ளி தெரிந்தது. எல்லோரும் ஸ்கேனைப் புகழ்ந்தார்கள்.

“முதலில் பார்த்தது நான்!” என்று கத்தியது எக்ஸ்ரே.

“அப்படியா அண்ணே?” என்று நிஜமாகவே வியந்தது ஸ்கேன். “படம் எங்கே?”