லாரித் தண்ணீர்

தண்ணீர் லாரி கோழிப்பண்ணைக்குள் நுழைவதைப் பார்த்ததும் சுகாதார ஆய்வாளருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் எழுதிய கடிதத்துக்குக் கிடைத்த பலன் அது. கல்லில் நார் உரித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

நான்கு மாதத்துக்கு முன்பு இங்கே வேலை பார்க்கும் ஒருவனின் கைக்குழந்தைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. சோதித்துப் பார்த்ததில் குற்றம் அடிபம்பில். லட்சம் கோழிகளின் எச்சம் கொட்டகைகளுக்குப் பின்னால் வருடக்கணக்காகக் குவிந்து, மழையோடு மண்ணில் இறங்கி, நிலத்தடி நீர் முழுக்க நைட்ரேட் என்ற நச்சு உப்பு ஏறியிருந்தது.

குழந்தை எப்படியோ பிழைத்தது. பம்பில் 'குடிக்காதே' என்று சிவப்புப் பெயிண்டால் அவரே எழுதினார். முதலாளிக்கும் காரமாக ஒரு கடிதம் போட்டார்.

இப்போது அந்தப் புகார்க் கோப்பை முடிக்க வந்திருக்கிறார். குழந்தையின் அப்பா தீவனத் தூசி படிந்த சட்டையோடு, பண்ணைக்குள்ளேயே இருந்த தன் வீட்டு வாசலில் நின்றிருந்தான்.

"லாரி தெனமும் வருதாப்பா?"

"ஒரு நாள் தவறாது சார். உங்க லெட்டரப் படிச்சதும் முதலாளி ஆடிப்போயிட்டாரு. மறுநாளே ஏற்பாடு பண்ணிட்டாரு."

"எச்சில் கையால காக்கா ஓட்டாத மனுஷன். அவரையே அசைச்சுட்டோம் பாரு."

அவன் சிரிக்கவில்லை. அழுகை, சிரிப்பு எல்லாம் அவனிடம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

"குழந்தை எங்க?"

"தூங்குது சார். எப்பவும் தூங்கிக்கிட்டேதான் இருக்கு."

"தூங்கட்டும், தூங்கட்டும். தூங்குற பிள்ளைதான் வளரும்."

ஆய்வாளர் அடிபம்பை ஒரு பார்வை பார்த்தார். சிவப்பு எழுத்து மங்கியிருந்தது. உடம்பெல்லாம் துருவேறிக் கிடந்தாலும் கைப்பிடி மட்டும் பளபளவென்று இருந்தது. துணி துவைக்க அடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணியபடி, கோப்பில் 'குறை தீர்க்கப்பட்டது' என்று எழுத ஆரம்பித்தார்.

அப்போது குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அதன் அம்மா வெளியே வந்தாள். கையில் பால்புட்டி. குழந்தையின் உதடும் நகமும் நாவல்பழ நிறத்தில் இருந்தன.

ஆய்வாளரின் பேனா பாதியில் நின்றது.

"மறுபடியுமா? பால்பவுடர எந்தத் தண்ணியிலம்மா கலக்குறீங்க?"

"பம்புத் தண்ணிதான் சார். ரெண்டு தடவ கொதிக்க வைக்கிறேன்."

"கொதிக்க வச்சா இந்த விஷம் போகாதும்மா. மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க, என் வண்டியிலயே போலாம். நல்ல தண்ணி வாசல்லயே வந்து நிக்குதே, அத எடுத்தா என்ன?"

குழந்தையின் அப்பா லாரியைத் திரும்பிப் பார்த்தான். குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை.

"அது கோழிக்கு சார்."