குட்டைக்கு அடியில் போட்ட மண்

ஆய்வகத்து அக்காவின் குடுவையில் அமிலம் முனகிக்கொண்டு கொதிக்கிறது. உள்ளே கிடப்பது, அவள் குடியிருக்கும் தெருவுக்கு மேலே மேட்டிலுள்ள ஆலையின் அமிலக் கழிவுக் குட்டை ஒழுகாதிருக்க, அடியில் அவள் வீட்டுக்காரர் மெத்தையாகப் போட்ட களிமண். “ஒரு சொட்டு இறங்காது” என்று ஊரெல்லாம் அளந்த மனுஷர், இப்போது கதவோரம் பூனை மாதிரி நிற்கிறார். சிவந்த மண் வெளுக்க வெளுக்க, அமிலம் மஞ்சளாகிறது. அந்த மஞ்சள் வெயிலோடு சேர்ந்து மேசையில் நடுங்குகிறது. “கரையுதாம்மா?” “கரைஞ்சாச்சுங்க.” “வேற கட்டி போட்டுப் பாரேன்.” “எல்லாக் கட்டியும் போட்டாச்சு.” அவள் அடுப்பை அணைக்கிறாள். “காலையில பாப்பாவுக்குப் பால் எந்தத் தண்ணியில கலக்கினீங்க?” “நம்ம கிணத்துத் தண்ணிதான்.” “ம்” என்கிறாள். கை கழுவக் குழாயைத் திறக்கிறாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, கை பக்கத்திலேயே நிற்கிறது.