கடந்தவரும் கலந்தவரும்

வீட்டிலேயே ஜெபம் முடித்து, அப்பாதுரையின் உடலைத் தாம்பரம் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்திருந்தார்கள். முன்கேட்டில் வண்டியை மறித்துவிட்டார்கள்.

"அம்மா குழியிலேயே தன்னையும் வைக்கணும்னு அப்பா கேட்டாரு. அவ்வளவுதான் சார்," என்றாள் மகள் ஷீலா.

"உங்கம்மா ஆர்.சி. அது மந்திரிச்ச மண்ணு. வேற சபை ஆளை விடமாட்டோம்," என்றார் கத்தோலிக்கப் பங்குப் பேரவை உறுப்பினர் ஜெர்சன்.

"எங்க ஆளை அங்கே புதைக்க நாங்க மட்டும் விட்டுடுவோமா?" என்றார் புராட்டஸ்டண்ட் மூப்பர் ஜோஷ்வா.

ஃபாதர் ஜோஸ்வின் கடுகடுத்தார். "வண்டியைப் பின்பக்கம் நிழல்ல நிறுத்தும்மா. பேசி முடிவு சொல்றோம்."

"அப்பாவை அம்மாகிட்ட சேர்க்காம நான் வீட்டுக்குப் போகமாட்டேன் ஃபாதர்!"

ஷீலாவோடு வண்டி பின்பக்கம் நகர்ந்தது. பாஸ்டர் ஜெபகுமார் ஆரம்பித்தார்.

"கடவுள் உலகத்தைக் கடந்தவர். புனித மண்ணு, சாதா மண்ணுன்னு அவருக்குக் கிடையாது."

"கடந்தவர்தான் பாஸ்டர். ஆனா அப்பத்துலயும் தண்ணியிலயும் இறங்கி வர்றவர். மண்ணுல வரமாட்டாரா?"

"படைச்சவரையும் படைப்பையும் ஒண்ணாக் குழப்பாதீங்க!"

"எட்டாத உசரத்துல வெச்சுட்டு, அப்புறம் யாருகிட்ட ஜெபம் பண்றீங்க?"

"அப்படிப் போடுங்க ஃபாதர்!" என்று கத்தினார் ஜெர்சன். ஜோஷ்வா சும்மா இருப்பாரா? பைபிளைப் புரட்டி பாஸ்டருக்கு வசனம் எடுத்துக் கொடுத்தார். வெயிலில் இரண்டு சபையும் வட்டம் கட்டி நின்றது.

ஆட்டோக்காரர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். "பொணம் வண்டியில கீது. இவங்க இன்னாடான்னா சாமிக்கு அட்ரஸ் தேடிகினு கீறாங்க!"

ஷீலா திரும்பி நடந்து வந்தாள். கையெல்லாம் ஈரமண்.

பாஸ்டர் பாதி வசனத்தில் நின்றார். "மண்ணு போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சு பாஸ்டர். பின்பக்கம் போனா, அம்மா குழியைத் திறந்து வெச்சு ஆளுங்க காத்துக்கிட்டிருந்தாங்க. நீங்களும் ஃபாதரும் நேத்தே சொல்லிட்டீங்களாமே..."

ஜெர்சனுக்கு முகம் சிவந்தது. "அப்போ இவ்வளவு நேரம் நீங்க போட்ட சண்டை பொய்யா ஃபாதர்?"

"நிஜம்தான் ஜெர்சன்," ஃபாதர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஐநூறு வருஷமா முடியாத சண்டை. குழி மூடுற வரைக்கும் உங்களை இங்கேயே நிறுத்தி வைக்க, அதைவிட நீளமானது எங்ககிட்ட வேற இல்லை."