அவருக்கு மட்டும் தெரியும் மேகம்

"ஒருத்தர் போடற படம் மத்தவங்க யாருக்கும் தெரியக்கூடாது. ஆனா, தெரியலைங்கறது அவருக்கும் தெரியக்கூடாது. அப்படி ஒரு வசதி எந்த சாஃப்ட்வேர்லயாவது இருக்குங்களா?"

சுசித்ரா கேட்டதும் இளம்பரிதி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான்.

அவள் கடத்தூரில் பல் டாக்டர். நோயாளிகள் இல்லாத நேரத்தில் மாடிக்குப் போய் மேகங்களைப் படம் எடுப்பாள். மாவட்டத்தில் அதே கிறுக்குப் பிடித்தவர்கள் இன்னும் பலர் இருப்பது தெரிந்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தாள். அரூர், பாலக்கோடு, பென்னாகரம் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் சேர்ந்தார்கள்.

அங்கே யாரும் அரசியல் பேசுவதில்லை. மழைக்கு முந்தைய கருநீலம், தொப்பூர் கணவாய்க்கு மேல் கரைந்து வழியும் சாயங்காலச் சிவப்பு, வத்தல்மலையில் காபிச் செடிகளுக்குள் புகுந்து நடக்கும் வெள்ளை... பார்த்துக்கொண்டே இருந்தால் பாதித் தூக்கத்தில் இருப்பது போலிருக்கும்.

ஒரே குறை, காலையில் போட்ட வானம் சாயங்காலத்துக்குள் எங்கோ மேலே போய் மறைந்துவிடும். அதனால்தான் சொந்தமாக ஒரு ஃபோரம் வைக்க முடிவானது. அதில் ஒவ்வொரு மேகத்துக்கும் ஒரு பக்கம். கீழே பேசிக்கொள்ளலாம். வருஷங்கள் கழித்தும் தேடி எடுக்கலாம்.

நல்லம்பள்ளியில் வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனி வேலை பார்க்கும் இளம்பரிதி, சாஃப்ட்வேர்களை அலசிப் பார்த்து மூன்றைக் கொண்டுவந்திருந்தான். முதலாவதில்தான் அவன் மனசு. படங்கள் திரை முழுக்க மிதந்து வரும். இரண்டாவது சுமார். மூன்றாவது பழைய கவர்ன்மெண்ட் வெப்சைட் மாதிரி இருந்தது.

சுசித்ரா அழகைப் பற்றிக் கேட்கவே இல்லை. மறைப்பதைப் பற்றித்தான் கேட்டாள்.

யாரை மறைக்க என்று அவனுக்குப் புரிந்தது. நஞ்சப்பன் ஐயா. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் ஒரே படத்தைப் போடுவார். 'இன்னைக்கு வானத்துல கன்னுக்குட்டி மாதிரி ஒரு மேகம், பாருங்க' என்று ஒரே வரியை எழுதுவார். முதலில் சிரித்தவர்கள் பிறகு எரிச்சல்பட்டார்கள். தாரிக் என்பவன், 'ஐயா, இதைத்தான் தினமும் பாக்கறோம்' என்று பதில் போட்டான். மறுநாளும் அதே படம் வந்தது. அவரை நீக்கச் சொல்லி சுசித்ராவுக்குப் பலர் தனியாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாம்னா நேரா சொல்லி நீக்கிடுங்க டாக்டர்," என்றான் இளம்பரிதி. "எதிர்ல ஆளு இருக்குன்னு நெனச்சு ஒரு மனுசன் பேசிக்கிட்டே இருப்பாரு. யாருமே இருக்க மாட்டாங்க. அது பாவமுங்க."

"அந்த வசதி எதுல இருக்கு?"

மூன்றாவதில் மட்டும் இருந்தது. அப்படி மறைக்கப்பட்டவரின் பதிவு அவருக்கும் நிர்வாகிக்கும் மட்டுமே தெரியும். சுசித்ரா அதையே போதும் என்றுவிட்டாள்.

இளம்பரிதி முகம் கொடுத்துப் பேசாமலே வேலையை முடித்துக் கொடுத்தான். மேகத்தைப் பார்க்கிற கண்ணுக்குள் இப்படி ஒரு மனசா என்று தோன்றியது.

வாட்ஸ்அப் குழுவை மூடிவிட்டு எல்லோரும் இங்கே வந்தார்கள். ஃபோரம் நன்றாகவே வளர்ந்தது. ஆடிக் காற்றில் கிழிந்து பறந்த மேகங்கள் வந்தன. ஆவணியில் மலைபோல் எழுந்து நின்றவை வந்தன. எல்லோரும் பெரியவரை மறந்தே போனார்கள். இளம்பரிதிக்கு மட்டும் எப்போதாவது, காலி அறையில் ஒருவர் தனியாகப் பேசிக்கொண்டிருப்பது போல நினைவு வரும். அந்தப் பக்கமே போகமாட்டான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் சாஃப்ட்வேரைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நிர்வாகியின் கணக்கில் நுழைந்து, பழைய பக்கங்கள் எல்லாம் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே வந்தான். நஞ்சப்பனின் பக்கத்தை மனசில்லாமல் திறந்தான்.

அதே படம். அதே வரி. கீழே சுசித்ராவின் பதில் இருந்தது: 'அட ஆமாங்க ஐயா. அம்மாவைத் தேடுதோ?'

'இல்லீங்கம்மா, பால் குடிச்சிட்டுத் துள்ளுது' என்று அவர் எழுதியிருந்தார்.

அடுத்த நாள் பக்கத்திலும் அதே படம். ஆனால் பதில் வேறு. அதற்கடுத்த நாள் இன்னொன்று. ஒருநாள் கன்று பொம்மிடிப் பக்கம் மேயப் போனது. ஒருநாள் மழையில் நனைந்தது. ஒருநாள் இருவரும் அதற்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. இளம்பரிதி வேலையை மறந்து படித்துக்கொண்டே இருந்தான்.

பிறகு சுசித்ராவுக்கு ஃபோன் செய்தான்.

பல்வலிக்கு நஞ்சப்பனைக் கூட்டிவந்தபோது அவருடைய மருமகள் சொன்னதாம். போன வருஷத்திலிருந்து அவருக்கு நேற்று நடந்தது இன்றைக்கு நினைவிருப்பதில்லை. அவர் கடைசியாக எடுத்தது அந்தப் படம்தான். காலையில் ஃபோனைத் திறந்ததும், அதை இப்போதுதான் எடுத்தோம் என்று நினைத்துக்கொள்வார். தாரிக்கின் பதிலைப் படித்த அன்று வெட்கப்பட்டுச் சாப்பிடவே இல்லையாம். மறுநாள் அதுவும் மறந்துபோய், மறுபடி படம் போட்டு, மறுபடி யாரோ சொல்ல, மறுபடி சாப்பிடவில்லை.

"எல்லார்கிட்டயும் விசயத்தைச் சொல்லியிருக்கலாமே, டாக்டர்?"

"சொன்னா பரிதாபப்பட்டு ஆளாளுக்கு எழுதுவாங்க. அதையும் அவரு படிப்பாருங்களே. தனக்கு என்ன ஆச்சுன்னு அந்த மனுசன் தினம் தினம் புதுசாத் தெரிஞ்சுக்கணுமா?"

இளம்பரிதி திரையில் இருந்த கன்றுக்குட்டி மேகத்தை மறுபடி பார்த்தான்.

"அவரை நான் உங்ககிட்ட இருந்து மறைக்கலீங்க," என்றாள் சுசித்ரா. "நம்மளைத்தான் அவர்கிட்ட இருந்து மறைச்சு வெச்சேன்."