மூன்றாவது மதர்போர்டு

“தம்பி, உண்மையைச் சொல்லிடுங்க. பழைய மதர்போர்டைத் துடைச்சு எங்க தலையில கட்டிட்டீங்கதானே?”

சார் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்திருந்த மெக்கானிக் நிமிரவில்லை. ஆறு மாதத்தில் இது மூன்றாவது. சத்தியம் செய்தாலும் யார் நம்புவார்கள்?

“மூணுமே புதுசு சார். மூணும் ஒரே இடத்துல கருகியிருக்கு. தப்பு போர்டுல இல்ல.”

“அப்ப என் ராசியிலயா?”

சார் வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவர். அடுத்தவர் தப்பைத் தேடித் தேடியே கண்ணாடி தடித்துப்போனவர்.

“இன்னைக்குக் காரணத்தைக் காட்டுங்க. இல்லேன்னா உங்க கடை லட்சணத்தைத் தெரு முழுக்கச் சொல்லிடுவேன்.”

சொல்லக்கூடியவர்தான். கடை திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெயர் கெட்டால் பூட்டைத் தேட வேண்டியதுதான்.

சாரின் மனைவி தேநீரோடு வந்தாள். “தம்பி, உங்க வண்டி பக்கத்து வீட்டு வாசல்ல நிக்குது. இந்தப் பக்கம் எடுத்து விடுங்க. அவ மூஞ்சியில முழிச்சா விளங்குமா? அதான் தொட்டதெல்லாம் கருகுது.”

“விடுறேன்க்கா.”

“நடுச்சுவர் யாருதுன்னு சண்டை,” என்றார் சார். “ரெண்டு வருஷமாப் பேச்சில்ல. அந்த வீட்டுக்காரர் படுக்கையில விழுந்தப்போகூட இவ எட்டிப் பார்க்கல.”

“எதுக்குப் பார்க்கணும்?” தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று மெக்கானிக்குக்குக் கசந்தது. மீட்டரைச் சுவர் பிளக்கில் செருகிவிட்டு உட்கார்ந்தான். இருநூற்று முப்பது வோல்ட். பத்து நிமிடம், இருபது நிமிடம். எண் அசையவில்லை.

“தவமா தம்பி?”

அந்த நேரத்தில் அறை விளக்கு மங்கியது. எண் தொபுக்கென்று விழுந்தது, துள்ளி எகிறியது, ஒன்றுமே நடக்காததுபோல் பழைய இடத்தில் வந்து நின்றது.

“இப்ப வீட்டுல மோட்டார் ஏதாவது போட்டீங்களா சார்?”

“இல்லையே.”

மெயினை அணைக்காமலே, பிளக் பெட்டியின் மூடியை மட்டும் கவனமாகக் கழற்றினான். உள்ளே கறுப்பு ஒயர் ஒன்று கூடுதலாகத் தொத்திக்கொண்டிருந்தது. அது ஜன்னல் வழியே இறங்கி, செடிகளுக்குள் ஒளிந்து, சுவரேறி, பக்கத்து வீட்டுக்குள் போயிருந்தது.

“இதான் சார். அங்க ஏதோ மெஷின் ஓட ஆரம்பிக்கிறப்பல்லாம் இந்த லூஸ் இணைப்பு பொறி கக்குது. அந்த அடியைத்தான் போர்டு வாங்குது.”

“திருட்டுக் கரண்டா! நம்ம வீட்டுலயே கன்னம் வெச்சுட்டாளா?” சார் கருவிப்பையிலிருந்து கட்டரை உருவினார்.

மெக்கானிக் அவரைத் தடுத்தான். “இருங்க சார். இது வெளியிலேர்ந்து போட்டது இல்ல.”

இணைப்பில் சுற்றியிருந்தது ஒயர்மேன் டேப் அல்ல. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி.

“வெட்டாதீங்க!” உள்ளேயிருந்து ஓடிவந்தவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அது அந்த மனுஷனோட மூச்சு.”

சுவருக்கு அப்பால் ஒரு மெஷின் மெல்ல இழுத்து விடுவது கேட்டது.

“அவங்க லைன் வேற. மத்தியானமானா கரண்ட் போயிடுது. போனா ஆக்சிஜன் மெஷின் நின்னுடும். அவ கதறுறது என் சமையலறைக்குக் கேட்கும். எத்தனை நாள்தான் காதைப் பொத்திக்கிறது?”

“நான் தனி லைன் இழுத்துத் தரேன்க்கா,” என்றான் மெக்கானிக். “கெட்டியா. கம்ப்யூட்டருக்கும் ஒண்ணும் ஆகாது.”

சார் கட்டரைப் பையில் வைத்தார். குரல் இறங்கியிருந்தது. “தம்பி, நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க.” பிறகு மனைவியைப் பார்த்தார். “நீங்க ரெண்டு பேரும் சமாதானமானதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சமாதானமா? அவகூடயா?” புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டேன். அவ எடுத்து மாட்டிக்கிட்டா. இன்னைக்கு வரைக்கும் அவகிட்ட ஒரு வார்த்தை பேசியிருப்பேனா, கேட்டுப் பாருங்க!”